உலோகப் பொடியை அழுத்திப் புஷ் செய்வது சிறு பட்டறைக்கு ஒத்துவருமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. தக்கலைப் பக்கம் இரண்டு லேத் வைத்துப் பட்டறை நடத்துகிறீர்கள். ரப்பர் ஷீட் மிஷின், சின்ன மோட்டார், குளச்சல், முட்டம் படகுகள் என்று வருகிற வேலைக்கெல்லாம் வெண்கலப் புஷ்ஷும் (ஷாப்ட் உள்ளே சுற்றுவதற்கான உலோகக் குழல்) சிறு கியரும் கடைந்து கொடுக்கிறீர்கள். ராடில் பாதி சீவலாகப் போகிறது. உலோகப் பொடியை அச்சில் அழுத்திச் சுட்டால் சேதாரமே இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். ஒரு பிரஸ்ஸும் ஓர் உலையும் போட்டால் நாமே செய்யலாமா, நன்மை தீமை என்ன, மணவாளக்குறிச்சி மணல் இதற்கு உதவுமா என்று கேட்கிறீர்கள். பிரஸ், உலை எல்லாம் பிறகு. இந்தத் தொழில் உங்கள் பட்டறைக்கு ஒத்துவருமா என்பதுதான் அடியில் இருக்கிற கேள்வி. செய்து விற்க ஒத்துவராது. வாங்கிச் சரியாகப் பொருத்திக் கொடுக்கக் கற்றுக்கொண்டால் நன்றாகவே ஒத்துவரும். காரணங்களைக் கணக்கோடு சொல்கிறேன்.

வெளிவிட்டம் 30, உள்விட்டம் 20 மில்லிமீட்டர் உள்ள ஒரு புஷ்ஷை 32 மில்லிமீட்டர் கட்டி ராடிலிருந்து கடைந்தால், ராடின் குறுக்குவெட்டு 804 சதுர மில்லிமீட்டரில் 393 மட்டுமே புஷ்ஷாக மிஞ்சும். சரிபாதிக்கு மேல் ஸ்கிராப். பொடி முறையில் 100 கிலோ போட்டால் 95 கிலோவுக்கு மேல் பீஸாகவே வெளியே வரும். இந்த லாபத்தில் சந்தேகமே இல்லை. (கோர் போட்டு வார்த்த குழல் வாங்கிக் கடைகிறவருக்கு வித்தியாசம் நன்றாகக் குறைந்துவிடும், அதையும் கணக்கில் எடுங்கள்.) எதிர்த்தட்டில் இருப்பது டை, அதாவது பொடியை அழுத்தும் அச்சு. ஒவ்வொரு அளவுக்கும் தனி டை, மேல் பஞ்ச், கீழ் பஞ்ச், நடுவில் கோர் ராடு, எல்லாம் டூல் ஸ்டீலிலோ கார்பைடிலோ. சுட்ட பிறகு அளவு திருத்த இன்னொரு செட் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 2 லட்சம் ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 500 புஷ் செய்தால் ஒவ்வொன்றின் தலையிலும் 400 ரூபாய் ஏறும். 50,000 செய்தால் 4 ரூபாய்தான். சாதாரண மெக்கானிக்கல் பிரஸ் நிமிடத்துக்கு 10 முதல் 20 பீஸ் அடிக்கும். 15 என்று எடுத்தாலும் மணிக்கு 900. ஓர் அளவில் உங்களுக்கு வருகிற வருஷ ஆர்டரை அது ஒரு ஷிப்டுக்குள் முடித்துவிட்டுச் சும்மா நிற்கும். இன்னொன்றும் உண்டு. ரிப்பேர் பட்டறைக்கு வருகிற வேலையில் பெரும்பாலும் ஷாப்ட் தேய்ந்திருக்கும். தேய்ந்ததைக் கடைந்து சமப்படுத்தி, அதற்குத் தோதாக 19.6 என்றோ 19.45 என்றோ துளை கேட்பார்கள். டை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. அது லேத்தின் வேலை, அதில்தான் உங்கள் வருமானம்.

ஆனாலும் செய்முறை தெரிந்திருந்தால்தான் வாங்குகிற பொருளின் தரம் புரியும். வெண்கலப் புஷ்ஷுக்குச் செம்புப் பொடி 90, வெள்ளீயப் பொடி 10, கூடவே 0.5 முதல் 0.75 சதவீதம் ஜிங்க் ஸ்டியரேட். அந்த ஸ்டியரேட் இல்லாவிட்டால் பீஸ் டையை விட்டு வெளியேறும்போது இறுகி, டையின் சுவரைக் கீறிவிடும். கலவையை இரட்டைக் கூம்பு பிளெண்டரில் 20, 30 நிமிடம் உருட்டினால் போதும். அதிகம் உருட்டினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். பொடியின் நிறைவடர்த்தி (அழுத்தாமல் கொட்டிய நிலையில் உள்ள அடர்த்தி) மாறி, டையில் விழும் எடை மாறிவிடும். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 3 டன். மேலே சொன்ன 30க்கு 20 புஷ்ஷின் முகப்பரப்பு 3.9 சதுர சென்டிமீட்டர், ஆகவே 8 முதல் 12 டன் போதும். டையை விட்டு வரும், இன்னும் சுடாத பச்சைப் பீஸ் பார்வைக்கு முழு உலோகம் மாதிரியே பளபளக்கும், இரண்டு விரலால் நெரித்தால் பிஸ்கட் போல ஒடியும். அதை உலையில் முதலில் 400, 500 டிகிரியில் வைத்து ஸ்டியரேட்டை எரித்து வெளியேற்றி, பிறகு 800 முதல் 850 டிகிரியில் 10, 20 நிமிடம் சுட வேண்டும். செம்பு உருகாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிச் செம்புக்குள் ஊறிப்போகும், அது இருந்த இடம் துளையாக நிற்கும். அவசரப்பட்டு ஒரே தாவலில் சூடேற்றினால் வெள்ளீயம் ஊறுவதற்குள் வியர்வை மாதிரி மேலே முத்து முத்தாகத் துளிர்த்துவிடும், அந்தப் பீஸ் குப்பைக்குத்தான். ஆறிய பிறகு அளவு திருத்தும் டையில் ஒருமுறை அழுத்தி, வெற்றிடத்தில் காற்றை உறிஞ்சி எண்ணெயில் மூழ்கவைத்தால் கொள்ளளவில் 18 முதல் 25 சதவீதம் எண்ணெய் உள்ளே ஏறும்.

இரும்புக் கியர் இதைவிடக் கடினம். நீரைப் பாய்ச்சித் தூளாக்கிய இரும்புப் பொடியோடு 2 சதவீதம் செம்பும் 0.8 சதவீதம் கிராஃபைட்டும் கலப்பது வழக்கமான ஒரு கலவை. அழுத்தம் 5, 6 டன்னுக்குப் போகும். வெளிவிட்டம் 50, துளை 20 உள்ள சின்னக் கியருக்கே 16.5 சதுர சென்டிமீட்டர் பரப்பு. 6 டன் வீதம் 99 டன் ஆகிறது, பிரஸ் 150 டன்னாவது இருந்தால்தான் நிம்மதி. பேரிங் கழற்ற வைத்திருக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸைக் கொண்டு சமாளிக்கலாமே என்று தோன்றும். அது மேலிருந்து மட்டும் அழுத்துகிறது. பொடி திரவம் இல்லை, அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகக் கடத்தாது. டைச் சுவரின் உராய்வில் பாதி வலு போய்விடும். மேலே இறுகி, கீழே பொலபொலவென்று இருக்கும் பீஸ் கிடைக்கும். இரு பக்கமும் அழுத்தும் பிரஸ்ஸோ மிதக்கும் டையோ வேண்டும். அப்போதும் நடுப்பகுதி கொஞ்சம் லேசாகத்தான் இருக்கும். நீளம் விட்டத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது, சுவர் 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பதெல்லாம் அதனால் வந்தவை. அதோடு நிரப்பும் ஆழத்தையும் பாருங்கள். பொடியின் நிறைவடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3 கிராம், அழுத்திய பின் 6.8. அப்படியானால் 20 மில்லிமீட்டர் உயரக் கியருக்கு டையில் 45 மில்லிமீட்டர் ஆழம் பொடி நிறைய வேண்டும்.

உலைதான் சிறு பட்டறையை உண்மையில் கவிழ்ப்பது. இரும்புக்கு 1120 டிகிரிக்குக் குறையாத சூடு, 20 முதல் 30 நிமிடம், அதுவும் காற்றே படாமல். நைட்ரஜன் 90, ஹைட்ரஜன் 10 என்ற கலவை வாயுவோ, அம்மோனியாவைச் சூட்டில் உடைத்து எடுத்த வாயுவோ உள்ளே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அம்மோனியா சிலிண்டரை மீன் ஐஸ் பிளாண்ட் பக்கம் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் அங்கே அது அம்மோனியாவாகவே சுற்றிவருகிறது. இங்கே உடைந்தபின் அதில் முக்கால் பங்கு ஹைட்ரஜன். உலையைக் காற்று நீங்கும்வரை நைட்ரஜனால் கழுவாமல், சூடு 760 டிகிரியைத் தாண்டாமல் ஹைட்ரஜனைத் திறந்தால் உலையோடு கூரையும் போகும். வெண்கலத்தில் இரண்டொரு பீஸ் பரீட்சைக்காக மட்டும் சுட்டுப் பார்க்க நினைத்தால், மூடியிட்ட இரும்புப் பெட்டியில் சிரட்டைக்கரித் தூளுக்குள் புதைத்து, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசிச் சுடுவது ஒரு பழைய வழி. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு செம்பை ஆக்சைடாக விடாது. அதே வாயு ஆளைக் கொல்லும், ஆகவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். இரும்புக்கு இந்த வழி உதவாது, கார்பன் எவ்வளவு ஏறும் என்று கட்டுப்படுத்த முடியாது.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி கார்த்திகை மழையும் இரண்டுமே நமக்கு விழுகின்றன, மிச்ச நாளில் உப்புக்காற்று. இரும்புப் பொடி ஈரம் இழுத்தால் முதலில் ஓட்டம் கெடும். 2.5 மில்லிமீட்டர் துளையுள்ள புனலில் 50 கிராம் பொடி 25 முதல் 35 விநாடியில் வடிய வேண்டும். அது தயங்கித் தயங்கி வடிந்தாலோ நின்றுவிட்டாலோ, டையிலும் ஒரு பக்கம் நிறைந்து ஒரு பக்கம் குறையும். ஒரே எடையில்லாத பீஸ்கள் ஒரே சூட்டில் ஒரே அளவுக்கு வராது. பொடி டிரம் காற்றுப்புகாமல் மூடியிருக்க வேண்டும், திறந்த டிரம்மை அன்றைக்கே தீர்க்க வேண்டும். ஹாப்பர் உயரத்திலிருந்து பொடியைக் கொட்டினால் லேசான கிராஃபைட் பிரிந்து மேலே தங்கும்; காலையில் அடித்த பீஸ் மிருதுவாகவும் மாலையில் அடித்தது கடினமாகவும் வந்தால் முதலில் அங்கே பாருங்கள். டையை விட்டு வெளிவரும்போது மேல் விளிம்புக்குக் கீழே சுற்றிலும் முடி போல ஒரு கீறல் தெரிந்தால், பீஸுக்குள் காற்று அடைபட்டிருக்கிறது, அல்லது டை வாயில் மெல்லிய சரிவு கொடுக்கவில்லை, அல்லது டன் கூடிவிட்டது. அந்தக் கீறலைச் சூடு ஒட்டவைக்காது. சுட்டபின் அது நன்றாக மறைந்தது போலத் தெரியும், வேலையில் போட்டதும் அங்கேயே பிளக்கும்.

இனி முக்கியமான விஷயம், துளை. பொடியில் செய்த பொருளின் நன்மையும் தீமையும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத துளைகளில்தான் இருக்கின்றன. வார்த்த வெண்கலம் கன சென்டிமீட்டருக்கு 8.8 கிராம் வரை வரும், பொடிப் புஷ் 6.4 கிராம்தான். கால்வாசிக்கு மேல் வெற்றிடம், அதில் எண்ணெய். ஷாப்ட் சுற்றச் சுற்றச் சூடேறி எண்ணெய் வெளியே வந்து படலமாகும். நின்று ஆறினால் துளைகள் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மேஜை மின்விசிறி, மிக்ஸி, சின்ன மோட்டார் எல்லாம் வருடக்கணக்கில் எண்ணெய் விடாமல் ஓடுவது இதனால்தான். வலைக் கம்பெனிகளில் நூலில் கறை படக்கூடாத வழிகாட்டி ரோலர்களுக்கும் இது நல்ல பொருத்தம். தாங்கும் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்ற பாரத்தையும் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்ற பரப்பு வேகத்தையும் பெருக்கினால் 1.75ஐத் தாண்டக் கூடாது. 20 மில்லிமீட்டர் ஷாப்ட் 960 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் வேகம் ஏறக்குறைய 1 மீட்டர். 25 மில்லிமீட்டர் நீளப் புஷ்ஷானால் நிழல்பரப்பு (விட்டத்தை நீளத்தால் பெருக்கியது) 500 சதுர மில்லிமீட்டர். ஆக உச்ச வரம்பு 875 நியூட்டன், ஏறக்குறைய 89 கிலோ. இது கேட்டலாக் வரம்பு. வெயிலில் ஓடுகிற மிஷினுக்குப் பாதியை எடுங்கள், 45 கிலோ.

இந்தக் கணக்கில் தேறினாலும் சில இடங்களில் போடக் கூடாது. உங்கள் பட்டியலில் பாதி அந்த வகைதான். ரப்பர் ஷீட் மிஷினின் ரோலர் மெதுவாகச் சுற்றும், பாரம் அதிகம். அந்த வேகத்தில் எண்ணெய்ப் படலம் உருவாகாது. மேலும் ஃபார்மிக் ஆசிட் விட்டு உறையவைத்த ரப்பர் பாலின் புளித்த தண்ணீர் புஷ்ஷில் வடிந்துகொண்டே இருக்கும், எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். அங்கே வார்த்த வெண்கலமும் கிரீஸ் நிப்பிளும்தான் சரி. படகின் சுக்கான் தண்டு, பின்புற ஷாப்ட் குழல் இரண்டும் கடல்நீரில் கிடப்பவை. நீர் துளைக்குள் புகுந்து எண்ணெயை வெளித்தள்ளும், உள்ளே உப்பு தங்கும். கன்மெட்டலோ ரப்பர் வரி போட்ட நீர்ப் புஷ்ஷோ போடுங்கள். இன்ஜினின் கனெக்டிங் ராடு புஷ்ஷுக்கும் வேண்டாம். எண்ணெயை அழுத்தத்தில் செலுத்தும் இடத்தில் துளைகள் அந்த அழுத்தத்தைக் கசியவிடும், ஷாப்ட் நேரே உலோகத்தில் உரசும். ஊஞ்சல் போல முன்னும் பின்னும் மட்டும் அசையும் பின்களிலும் எண்ணெய்ப் படலம் உருவாகாது, அங்கேயும் ஆயுள் குறைவு.

இரும்புக் கியர் விஷயத்தில் தீமை வேறு மாதிரி. 6.7 அடர்த்தியில், மேலே சொன்ன செம்பு கிராஃபைட் கலவையில், இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன் அளவில் வரும், மோசமில்லை. ஆனால் நீட்சி ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதாவது வளைந்து எச்சரிக்காது, ஒரேயடியாகப் பல் தெறிக்கும். சீராக ஓடும் எண்ணெய் பம்பு கியருக்கு அது போதும். டூவீலர்களில் அந்தக் கியர் இப்படித்தான் வருகிறது. வின்ச் மாதிரி உலுக்கி இழுக்கும் இடத்துக்குக் கொடுக்காதீர்கள். பக்கவாட்டுத் துளை, மரை, குறுக்குப் பள்ளம் எதையும் டையில் எடுக்க முடியாது, பிறகு கடையத்தான் வேண்டும். கடற்கரையில் இரும்புப் பொடிப் பீஸ் வெளியிலிருந்து மட்டுமல்ல, துளை வழியாக உள்ளிருந்தும் துரு பிடிக்கும். 540 முதல் 560 டிகிரி நீராவியில் பிடித்தால் துளைகளின் சுவரில் கருநீல மேக்னடைட் படிந்து அடைக்கும், கடினமும் கூடும். எண்ணெயில் ஓடும் பாகத்துக்கு அது போதும். நேரே உப்புத்தண்ணீர் படுகிற இடத்துக்குப் போதாது.

சரி, வாங்கிப் பொருத்துவது. கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ரெடிமேட் புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். துளைக்குத் தோதான படிவைத்த மாண்ட்ரலில் கோர்த்து, நேராகப் பிரஸ்ஸில் ஏற்றுங்கள். வெளிவிட்டத்தில் 0.05 மில்லிமீட்டர் இறுக்கம் கொடுத்தால் உள்துளையும் ஏறக்குறைய அவ்வளவு சுருங்கும், அதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். துளை சிறிதாகிவிட்டது என்று எமரி பேப்பர் போடுவதும் ஹோனிங் செய்வதும் கூடவே கூடாது. உலோகம் மழுங்கி, எண்ணெய் வரும் நுண்துளைகளின் வாயை அடைத்துவிடும். பளபளப்பாக இருக்கும், எண்ணெய் வராது. கடைந்தே ஆக வேண்டும் என்றால் புதிதாகத் தீட்டிய கார்பைடு டூல், 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் வெட்டு, கூலன்ட் இல்லாமல். முடித்த புஷ்ஷை லைட்டரில் லேசாகச் சூடு காட்டுங்கள். உட்சுவர் முழுக்கச் சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகள் சமமாகத் துளிர்க்க வேண்டும். எங்காவது திட்டாக வறண்டிருந்தால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது. எண்ணெய் குறைந்ததை 80, 90 டிகிரி எண்ணெயில் சில மணி நேரம் போட்டு, அந்த எண்ணெயிலேயே ஆறவிட்டால் ஓரளவு திரும்ப ஏறும். எண்ணெய் டிடர்ஜன்ட் சேர்க்காத எஸ்.ஏ.இ. 30 வகையாக இருக்கட்டும். நம் ஊரில் கைக்கெட்டுகிறதே என்று தேங்காயெண்ணெய் விடாதீர்கள். மார்கழி விடியலில் உறையும், அதிலுள்ள கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து பச்சைக் களிம்பாகித் துளைகளை அடைக்கும்.

மணவாளக்குறிச்சி மணல் பற்றி. அங்கே மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். பிரித்தெடுக்கும் கருமணலில் இல்மனைட் உண்டு, அதில் டைட்டானியம் உண்டு, அது உண்மை. ஆனால் இல்மனைட் இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு பிணைந்த தாது, உலோகப் பொடி அல்ல. அதை எத்தனை டன் வைத்து அழுத்தினாலும் மணலாகவே உதிரும். ஹைட்ரஜனில் சுட்டால் இரும்பு பிரியும், டைட்டானியம் ஆக்சைடாகவே நிற்கும். உலோகமாக்க, குளோரினோடு சேர்த்து ஆவியாக்கி, பிறகு மெக்னீசியத்தால் பிரிக்க வேண்டும். கேரளத்தில் சவறையில் நடப்பது அந்த வேலை. மேலும் அந்த மணலில் தோரியம் கொண்ட மோனசைட் இருப்பதால் தனியார் அள்ளுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. பொடியிலிருந்து ஒன்றிரண்டு பீஸ் மட்டும் செய்ய இன்னொரு வழி லேசரால் அடுக்கடுக்காக உருக்குவது. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் வரும் மகேந்திரகிரியில் 2024 மே 9 அன்று இஸ்ரோ 665 விநாடி எரித்துச் சோதித்த, பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் அடுக்குக்கான பி.எஸ்.4 இன்ஜின் அப்படிச் செய்தது. 14 பாகம் ஒன்றானது, 19 வெல்டிங் இணைப்பு இல்லாமல் போனது, 565 கிலோ மூலப்பொருளுக்குப் பதில் 13.7 கிலோ பொடி போதுமானது. ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகும். மோட்டார் புஷ்ஷுக்கு ஆகாது.

வாங்குகிற சரக்கைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை, நகைக்கடைத் தராசு போதும். ஒரே பெட்டியில் எண்ணெய் வடித்த ஒன்றையும் எண்ணெய் நிறைந்த ஒன்றையும் கேளுங்கள். 30க்கு 20க்கு 25 புஷ் உலர்ந்த நிலையில் 62.8 கிராம், எண்ணெயோடு 64.5 கிராம், அதையே நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் 54.7 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் எடையிலிருந்து நீர் எடையைக் கழித்தால் 9.8, அதுதான் கொள்ளளவு. உலர் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி 6.4. எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்பதால், கூடிய 1.7 கிராம் எண்ணெய் ஏறக்குறைய 1.9 கன சென்டிமீட்டர், கொள்ளளவில் 20 சதவீதம். 18க்குக் கீழே வந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் வேலைகளில் எதெது மாற்றத்தக்கது என்று இதற்கு மேல் பொதுவாகச் சொல்ல முடியாது. ஷாப்ட் விட்டம், ஆர்.பி.எம்., புஷ்ஷின் மேல் விழும் பாரம், நனைகிற இடமா, வருடத்துக்கு எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் எழுதினால் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.